ஒரு பை வாங்கப் போன கதை

சென்ற மாதம் புறக்கோட்டையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது எனது கமராப் பையின் தோள்பட்டிக் கொக்கி முறிந்துவிட்டது. பை நிலத்தில் விழவில்லை. எனக்கு முன்னால் இறங்கி நின்ற பெரியவர் ஒருவரின் காலில் விழுந்தது. கமராவுக்கு ஒன்றும் நேரவில்லை. அந்தப் பெரியவர் சிங்களத்தில் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து பையை மேசையில் வைத்தபோது மனைவி அதைத் தூக்கிப் பார்த்தார். "இருபது வருசமாச்சு. இனி இதைத் தைக்கக் குடுத்துக் காசைக் கரியாக்காதேங்கோ. புதுசொண்டு வாங்குங்கோ" என்றார். எதையும் எளிதில் எறிய விடாத அவரே அப்படிச் சொன்ன பிறகு தட்டிக்கழிக்க வழியில்லை. ஆகவே, தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஆறாவது தடவையாக, கமராவுக்குப் பை தேடத் தொடங்கினேன்.

எந்தக் கமராவை வாங்கலாம் என்று என்னிடம் கேட்ட இளைஞர்கள் பலர். எந்தப் பையை வாங்கலாம் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. ஒரு நாளில் கமரா கையில் இருப்பது ஒரு மணித்தியாலமோ இரண்டு மணித்தியாலமோதான். பை காலை முதல் இரவு வரை தோளில் தொங்குகிறது. பஸ்ஸில் மடியிலும், கூட்டங்களில் கால்களுக்கிடையிலும், வெளியூர் விடுதிகளில் தலைக்கு அணையாகவும் கிடக்கிறது. அப்படியிருந்தும் கமராவுக்கு ஆறு மாதம் யோசிக்கிறவர்கள் பையைக் கடையிலிருந்து வெளியே வரும் வழியில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எனது முதலாவது பை மருதானையில் ஓட்டோ இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒருவர் தைத்துத் தந்தது. 1980களின் பிற்பகுதி. பத்திரிகைக் காரியாலயத்தில் படப்பிடிப்பாளர்கள் தனியாக இருந்தார்கள். ஆனால், வெளிமாவட்டங்களுக்குச் செல்லும் நிருபருடன் படப்பிடிப்பாளரையும் அனுப்பினால் இரட்டைப் படிச் செலவு என்பதால், படமும் பிடிக்கத் தெரிந்த நிருபருக்கு மதிப்பு அதிகம். நான் ஒரு பழைய நிக்கொன் எப்எம்2 வாங்கியிருந்தேன். அதனுடன் 24, 50, 135 மில்லிமீற்றர் லென்ஸ்கள் மூன்றும் ஒரு பிளாஷும். கறுப்பு றெக்சினுக்கு உள்ளே மெத்தைக்குப் போடும் போமை வெட்டி ஒட்டி, மூன்று அறைகள் வைத்து அவர் தைத்த பை பார்ப்பதற்கு வெளிநாட்டுப் பை போலவே இருந்தது. மழையில் ஒரு துளி நீர் உள்ளே போகாது. அதைப் பற்றி எனக்கு மிகுந்த பெருமை.

நீர் உள்ளே போகாத பையிலிருந்து ஈரம் வெளியேயும் போகாது என்பதை அறிய ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒரு நாள் 135 மில்லிமீற்றர் லென்ஸை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை பின்னியதுபோல் வெண்மையான நூல்கள் தெரிந்தன. பூஞ்சணம். காற்றின் ஈரப்பதன் எழுபது வீதத்தை நெருங்கினாலே அது வளரத் தொடங்கிவிடும். கொழும்பில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதன் அதற்கு மேல்தான் இருக்கும். அதிலும் இருட்டு, வெப்பம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் போம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கழற்றித் துடைத்தால் பூஞ்சணம் போய்விடும். ஆனால், அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது. என்னுடையதில் போகவில்லை. அந்த லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிராக எடுத்த படங்களெல்லாம் பனிமூட்டத்துக்குள் எடுத்தவைபோல் ஆகிவிட்டன.

அம்மா சொன்ன வைத்தியம், அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து பைக்குள் போடுவது. செய்தேன். அரிசி ஈரத்தைப் பெரிதாக உறிஞ்சவில்லை. தவிட்டுத் தூசிதான் லென்ஸ் வளையங்களுக்குள் புகுந்தது. பிறகுதான் சிலிக்கா ஜெல் பழக்கமாயிற்று. ஈரம் ஏறினால் நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். தாச்சியில் மெல்லிய நெருப்பில் சூடாக்கினால் மறுபடியும் நீலமாகும். இன்றைக்கு வசதியுள்ளவர்கள் ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் மின்சார அலுமாரி வைத்திருக்கிறார்கள். எது எப்படியாயினும் கமராவை இரவில் பைக்குள் மூடி வைக்கக்கூடாது. பை பயணத்துக்கு மட்டும் உரியது. இந்த ஒரு விடயத்தை எவர் கேளாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது பை சாதாரண துணிப்பை. பாடசாலைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கொண்டுபோகும் வகை, சாம்பல் நிறம். 1990களில் அதைத் தெரிவு செய்ததற்குக் காரணம் லென்ஸ்கள் அல்ல, சோதனைச் சாவடிகள். 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்த பிறகு கொழும்பில் தமிழன் ஒருவன் தோளில் எதைக் கொளுவிக்கொண்டு நடந்தாலும் அது திறந்து காட்டப்பட வேண்டியதே. பையின் நிறம், கனம், அறைகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் அன்று வேறு அர்த்தங்கள் இருந்தன. பச்சை நிறப் பை கூடாது. அது இராணுவ உடையின் நிறம். ஆங்கிலப் படங்களில் வரும் செய்தியாளர்போல் பத்துப் பொக்கற்றுகள் வைத்த பை அதைவிடக் கூடாது. ஒவ்வொரு பொக்கற்றுக்கும் இரண்டு நிமிடம். அதிலிருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கேள்வி. மழையில் வரிசையில் நிற்கும் மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வை வேறு.

வடக்கே போவதென்றால் இன்னொரு சிக்கல். 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. எனது பிளாஷுக்கு நான்கு பென்ரோச் பற்றரிகளும் ஒலிப்பதிவுக் கருவிக்கு இரண்டும் வேண்டும். ஒரு சாவடியில் அந்த ஆறையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "போகலாம்" என்றார்கள். பிளாஷ் வெறும் பாரமாயிற்று. கமரா மட்டும் வேலை செய்தது. எப்எம்2 முழுவதும் இயந்திரப் பொறியால் இயங்குவது. பற்றரி வெளிச்சத்தை அளப்பதற்கு மட்டுந்தான். வெளிச்சத்தைக் கண்ணால் மட்டிட்டுக்கொண்டு எடுத்தேன். அந்தப் பயணத்தில் இரவுப் படம் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது, வேறொரு சாவடியில், மிகவும் இளைய சிப்பாய் ஒருவர் பிலிம் சுருள் ஒன்றை எடுத்து இது என்னவென்று பார்க்க நாவை இழுத்தார். இழுக்க இழுக்க வந்தது. தான் என்ன செய்துவிட்டார் என்பது முழுவதும் வெளியே வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. முகம் கறுத்துப்போய், "சொறி சேர்" என்றார். அவருக்குப் பத்தொன்பது வயதுகூட இராது. நான் அவர்மீது கோபப்பட்டேனா என்று இப்போது ஞாபகமில்லை. படங்கள் போனது ஞாபகமிருக்கிறது.

இதற்குப் பிறகு எடுத்த சுருள்களையும் எடுக்காத சுருள்களையும் வெளியே தெரியும் பொலித்தீன் உறைகளில் போட்டுப் பையின் மேற்பகுதியிலேயே வைத்தேன். ஒளித்து வைத்ததைத்தான் துருவுவார்கள். திறந்தவுடன் அனைத்தும் தெரியும் பைதான் விரைவாக மூடப்படும்.

மூன்றாவது பை நான் விரும்பி வாங்கியது. கடையில் வாங்கிய முதலாவது உண்மையான கமராப் பையும் அதுவே. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. ஓமந்தையில் ஒரு தரப்பும் புளியங்குளத்தில் மறுதரப்பும் பை பார்த்தன. ஆனால், ஒரே நாளில் போய்ச் சேர முடிந்தது. அந்த உற்சாகத்தில் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கினேன். உள்ளே நகர்த்தக்கூடிய தடுப்புகள், அழகான மூடி, எல்லாவற்றுக்கும் வெல்க்ரோ. ஒரு மரண வீட்டில் அதன் குறையை அறிந்தேன். வாசலில் பந்தல், உள்ளே பெண்கள் அழுது களைத்து அமைதியாகிவிட்ட நேரம். நான் மூடியைத் திறந்தேன். பழைய சேலையை இரண்டாகக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். அங்கிருந்த அத்தனை முகங்களும் திரும்பின. கமராவை எடுக்காமலே மூடினேன். மூடும்போது சத்தம் வராது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பை செய்கிறவர்களின் கதைகளையும் சற்று வாசித்திருக்கிறேன். ஜிம் டொம்கே என்பவர் அமெரிக்காவின் பிலடெல்பியா இன்குவயரர் பத்திரிகையில் படப்பிடிப்பாளராக இருந்தவர். கடைகளில் கிடைத்த பெட்டி போன்ற பைகளில் சலிப்புற்று, 1970களின் நடுப்பகுதியில் தனக்கென்று மெல்லிய கன்வஸ் துணியில் ஒரு பையை வடிவமைத்தார். சக படப்பிடிப்பாளர்களும் அதையே கேட்க, அது எப்-2 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனம் தூண்டில் போடுகிறவர்களுக்காகத் தைத்த பைகளைப் படப்பிடிப்பாளர்கள் வாங்கிக் கமராவைப் போடத் தொடங்கிய பின்னர்தான் அது கமராப் பை நிறுவனமாயிற்று. லோப்ரோவைத் தொடங்கிய கிரெக் லோ ஒரு மலையேறி. மூவரின் பைகளையும் பார்த்தால் யார் எதற்காகத் தைத்தார்கள் என்பது தெரியும். மலையேறியின் பை முதுகில் ஒட்டிக்கொண்டு இரு கைகளையும் விடுவிக்கும். மீன்பிடிப் பை ஈரத்தைத் தாங்கும். பத்திரிகைக்காரனின் பை பார்க்காமலே கைவிட்டு எடுக்க உதவும். எங்கள் ஊர்ச் சாவடிகளையும் மரண வீடுகளையும் மனதில் வைத்து எவரும் பை தைக்கவில்லை. அது அவர்கள் குற்றமில்லை.

நான்காவது பையைப் பற்றி எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

2004இல் டிஜிட்டலுக்கு மாறினேன். நிக்கொன் டி70. அதனுடன் கறுப்பு நிறத்தில், முதுகில் போடும் பெரிய பை ஒன்று. மடிக்கணினி, கம்பிகள், மின்னேற்றிகள் எல்லாம் கொள்ளும். முன்புறம் முழுவதையும் சுற்றி சிப்பைத் திறந்தால் அனைத்தும் ஒரே பார்வையில் தெரியும். சாவடிக்கு அதைவிடச் சிறந்த பை இல்லை. ஆனால், ஒரு லென்ஸை எடுக்க வேண்டுமானாலும் கழற்றி நிலத்தில் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

அந்த வருடம் டிசம்பர் 26இன் பின்னர் கிழக்குக் கரைக்குப் போனேன். கல்முனைக்கு வடக்கே ஒரு பாடசாலையில் மக்கள் தங்கியிருந்தார்கள். மைதானம் முழுவதும் சேறு. பையை வைக்க இடமின்றி வகுப்பறைத் திண்ணையில் வைத்துச் சிப்பை இழுத்தேன். தலை நிமிர்ந்தபோது என்னைச் சுற்றிப் பதினைந்து இருபது பிள்ளைகள். அவ்வளவு பெரிய பையுடன் வந்தவன் ஏதோ கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். பை விரிந்தது. உள்ளே லென்ஸ்கள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிறுவன் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "கமராடா" என்று மற்றவர்களுக்கு அறிவித்தான். எல்லோரும் கலைந்து போனார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்கதானே போன வருசம் கரவலை இழுக்கக்குள்ள படம் புடிச்ச ஆள்?" என்று கேட்டார். ஆமாம். 2003இல் கரைவலைத் தொழில் பற்றி ஒரு கட்டுரைக்காக அந்தக் கரையில் இரண்டு சுருள் எடுத்திருந்தேன். "அதில எங்கட மூத்தவன் நிண்டவன். அந்தப் படம் இரிக்கா?"

அவருடைய வீட்டில் ஒன்றுமே மிஞ்சவில்லை. கலியாணப் படம், பிள்ளையின் பாடசாலைப் படம், அடையாள அட்டை எல்லாம் கடலோடு போய்விட்டன. மகனின் முகம் ஒரு தாளிலும் இல்லை. அந்தக் கரையில் பின்னர் எத்தனையோ பேர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால், முதலில் கேட்டவர் அவர்தான்.

கொழும்புக்குத் திரும்பி நெகட்டிவ்களைத் தேடினேன். சுருள்களைத் திகதியிட்டு வைக்கும் பழக்கம் இருந்ததால் கிடைத்தது. எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் அவர் சொன்ன அடையாளத்துடன், கழுத்தில் சிவப்புத் துவாயுடன், நின்ற இளைஞன் ஒரேயொரு படத்தில்தான் இருந்தான். கயிற்றில் மூன்றாவது ஆள். முன்னால் நின்றவரின் தோள் பாதி முகத்தை மறைக்க இருந்து, ஏதோ சத்தத்துக்குத் திரும்பியதால் முழு முகமும் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். பத்திரிகையில் வெளியானது அந்தப் படமல்ல. நான் அதைத் தெரிவு செய்யவில்லை. எட்டுக்குப் பத்து அங்குலத்தில் பிரதியெடுத்து உறையில் போட்டு, 2005 பெப்ரவரியில் கொண்டுபோனேன்.

அந்தப் பெரிய பையில் மடிக்கணினிக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் மடிக்கணினி இருந்தது. மற்றைய இடமெல்லாம் லென்ஸ்களுக்கான சதுரத் தடுப்புகள். ஒரு தட்டையான கடதாசி உறையை வைக்க அந்த விலையுயர்ந்த பையில் இடமில்லை. தடுப்புகளுக்கு மேலே வைத்து மூடினேன். ஏழெட்டு மணித்தியால பஸ் பயணம். அதுவும் நெரிசலில் நின்றபடி பாதி வழி. போய்ச் சேர்ந்து உறையைத் திறந்தபோது படத்தின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. கயிற்றின் மேலாக வந்து, அந்தப் பிள்ளையின் கன்னத்தின் ஊடாகப் போயிருந்தது. பூச்சு வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மடியில் வைத்து உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துவிட்டார். மீண்டும் மீண்டும் தேய்த்தார். நான் இன்னொரு பிரதி அனுப்புவதாகச் சொன்னேன். அனுப்பவும் செய்தேன், இரண்டு அட்டைகளுக்கிடையில் வைத்து. அடுத்த வருடம் போனபோது அவருடைய தற்காலிகக் கொட்டிலில் சட்டமிட்டு மாட்டியிருந்தது மடிப்பு விழுந்த படந்தான். இரண்டாவது பிரதியை உறையுடன் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். காரணத்தை நான் கேட்கவில்லை.

ஐந்தாவது பை, இப்போது கொக்கி முறிந்தது, டொம்கே எப்-2. சுனாமிச் செய்திக்காக வந்திருந்த வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர் ஒருவர் நாடு திரும்பும்போது, சுமை அதிகம் என்று எனக்குத் தந்துவிட்டுப் போனார். மணல் நிறம், துவைத்துத் துவைத்து என்ன நிறமென்றே தெரியாமலாயிற்று. மூடிக்கு வெல்க்ரோ இல்லை, சத்தமில்லாத உலோகக் கொக்கிகள். மெத்தை அதிகம் இல்லாததால் இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். ஈரமானால் வெயிலில் காயும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதுகுப்புறத்தில் தட்டையான ஒரு பொக்கற். அதற்குள் இரண்டு அட்டைகளுக்கிடையில் ஓர் உறையை வைத்தேன். அதன் பிறகு அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாக இருந்ததில்லை. ஓர் ஊருக்கு இரண்டாம் தடவை போகும்போது முதல் தடவை எடுத்தவர்களின் படங்களைக் கொண்டுபோவது வழக்கமாயிற்று. சிலவேளை உரியவர் இருப்பதில்லை. 2009இன் பின்னர் வன்னிக்குப் போனபோது அப்படிச் சில உறைகளைத் திரும்பவும் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். அவை இன்னும் என்னிடம் இருக்கின்றன.

சரி, கடைக்கு வருகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு கமராக் கடை. விற்பனைக்கு நின்ற பையன் ஹட்டன் பக்கம். பணிவாகப் பேசினான். எனது கமரா இப்போது சிறியது, கண்ணாடியில்லா வகை, லென்ஸும் இரண்டுதான். வயது அறுபதைக் கடந்துவிட்ட தோளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் ஆகாது. இதையெல்லாம் சொன்னேன். அவன் ஏழெட்டுப் பைகளைக் கண்ணாடிப் பெட்டிமேல் அடுக்கினான். ட்ரோன் வைக்க ஒன்று, யூஎஸ்பி துளை வைத்த ஒன்று, காந்தத்தால் மூடிக்கொள்வது ஒன்று. காந்த மூடியை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தேன். 'டக்' என்ற சத்தந்தான். மரண வீட்டுக்கும் பரவாயில்லை. ஆனால், சுருங்கிய வாய். கைவிட்டால் மணிக்கட்டு சிராய்க்கிறது.

பிறகு எனது பழைய பையிலிருந்து அந்த உறையை எடுத்து ஒவ்வொரு பையின் பின்புறத்திலும் நுழைத்துப் பார்க்கத் தொடங்கினேன். பையன் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெப்லெட்டுக்கா சேர்?"

"இல்லை. படம் வைக்க."

"என்ன படம்?"

"பிரிண்ட் எடுத்த படம்."

அவனுக்கு வயது இருபதுக்குள் இருக்கும். பிரிண்ட் எடுத்த படத்தை ஏன் கமராப் பையில் வைக்க வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. உறையை என்னிடமிருந்து வாங்கி, மற்றைய பைகளிலும் அவனே நுழைத்துப் பார்த்தான். முதல் மூன்றிலும் மூலை மடிந்தது. நான்காவது, பெயர் கேள்விப்படாத ஏதோ ஒரு நிறுவனத்தின் சாம்பல் நிறத் துணிப்பை, 13 அங்குல மடிக்கணினிக்கான அறை வைத்தது. உறை நேராக உள்ளே போய் நின்றது. "இது சரி சேர்" என்றான். விலையும் மற்றவற்றின் பாதி. மூடியில் வெல்க்ரோ இருந்தது. அதை மேலே துணி வைத்துத் தைத்து மூடிவிடலாம். ஊசியும் நூலும் வீட்டில் இருக்கின்றன.

காசைக் கொடுத்துவிட்டு அங்கேயே பொருட்களை மாற்றினேன். கமரா, இரண்டு லென்ஸ், குறிப்புப் புத்தகம், துவாய், குடை, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு, உறை. பழைய டொம்கேயை மனைவி துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார். அது காய்ந்த பிறகு வெங்காயம் போட்டு வைக்கப் போவதாகச் சொல்கிறார். கொக்கியை மாற்றினால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.